செயலி நின்றபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?

எங்கள் கூட்டமைப்பின் செயலி ஒரு நாளைக்குச் சராசரியாக இருநூற்றுப் பதினாறு தடவை நின்றுபோகும். அதைப் பழுது என்று சொல்லக் கூடாது. ‘நிற்றல் நிகழ்வு’ என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தெரியாத்தனமாகப் பழுது என்று சொல்லிவிட்டேன். விளக்கம் கேட்டு மூன்று பிரதிகளில் தாள் வந்தது. மூன்றுக்கும் தனித்தனியாக விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கறவை மாடு வளர்ப்போர் நலக் கூட்டமைப்பு என்பது எங்கள் அலுவலகத்தின் பெயர். நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையில், லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கும் தீவனக் கிடங்குக்கும் நடுவில் மூன்று மாடி. செயலியின் பெயர் ‘கறவைக் காவலன்’. மாட்டுக்குக் காய்ச்சல், கன்று இறங்கவில்லை, மடி வீங்கியிருக்கிறது, எதுவானாலும் அதில் பதிந்தால் மருத்துவர் வருவார். செயலி வருவதற்கு முன்னால் போன் பண்ணினாலே வந்துகொண்டிருந்தார். இப்போது மாட்டுக்காரர்களின் போனை மருத்துவர்கள் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. எடுத்தால் செயலியை யார் பயன்படுத்துவார்கள்?

என் பதவி, நிற்றல் பதிவு வாசிப்பாளர். எங்கள் தெருவில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கவே தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தேன். அதனால் இந்த வேலை கிடைத்தபோது பதவியின் பெயர் விநோதமாக இருக்கிறதே என்று யோசிக்கவில்லை. அப்பா மட்டும் கேட்டார்.

“அங்க போயி என்ன பண்ணுவே சாமி?”

“படிச்சுக் காட்டணும்ப்பா.”

“ஆருக்கு?”

“ஆபீசர்களுக்கு.”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

அப்பாவுக்கு உலகம் தெரியாது என்று அன்றைக்கு நினைத்தேன்.

செயலி நின்றதும் ஒரு பதிவு தானாக அலுவலகத்துக்கு வரும். அதில் இரண்டு பாகம். மேல்பாகம் இயந்திரம் எழுதிக்கொள்வது. எந்தப் பக்கத்தில் நின்றது, எந்தக் கட்டளையில் நின்றது, எதனால் நின்றது என்று இருபது வரி. கீழ்பாகம் ஆள் சொல்வது. செயலி நின்றதும் திரையில் ஒரு கட்டம் வரும்: ‘செயலி நின்றபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?’ பக்கத்தில் சிவப்பு மைக். பேசியது எழுத்தாகிக் கீழ்பாகத்தில் சேரும். முப்பது விநாடியாவது பேசினால்தான் செயலி மறுபடி திறக்கும்.

எந்தப் பொத்தானை அமுக்கினீர்கள் என்று கேட்பதற்காக எங்கோ யாரோ எழுதிவைத்த கேள்வி அது. எங்கள் சனங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பெரிய ஆபீஸ் ஒன்று மரியாதையாக, “நீங்கள்” போட்டு, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கிறது. கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னார்கள்.

“சோளத்தட்டு வெட்டிக்கிட்டிருந்தனுங்க. அருவா கையில பட்டிருச்சு. இப்ப வேப்பெண்ணெய் போட்டிருக்கேன். நீங்க சாப்பிட்டாச்சுங்களா?”

“உங்களத்தான் வைஞ்சுட்டிருந்தேன்.”

“மாடு செத்துப் போச்சுங்க. ஒண்ணும் பண்ணலை, பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”

நான் ஒவ்வொரு பதிவையும் அச்செடுத்து, கத்தரிக்கோலால் இரண்டாக வெட்ட வேண்டும். மேல்பாகம் ‘நிறுவன ரகசியம்’. அதை அரக்கு வைத்த உறையில் போட்டு இரும்பு அலமாரியில் வைக்க வேண்டும். கீழ்பாகம் ‘மக்கள் குரல்’. அதைத் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, குத்துவிளக்கு ஏற்றியபின், கூட்டத்தில் நின்று வாசிக்க வேண்டும்.

மூன்றாவது மாடியில் இளஞ்செழியன் என்று ஒரு நிரலாளர் இருந்தார். செயலியைச் சரிசெய்யவென்றே எடுக்கப்பட்டவர். மேல்பாகத்தைப் பார்க்க அவருக்கு நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். கூடும்போது அழைப்பிதழில் எழுத்துப்பிழை இருந்ததா என்று விவாதிக்கவே நேரம் போய்விடும். அழைப்பிதழை வடிவமைப்பவர் இளஞ்செழியன்தான். வேறு வேலை அவருக்குத் தரப்படவில்லை.

வெட்டுகிற கைக்குக் கண்ணும் இருக்கிறதே. மூன்றாவது வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எல்லாப் பதிவிலும் பதினான்காவது வரி ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரு வீட்டில் இரண்டாவது மாடு என்று பதிந்தால் அதை வைத்துக்கொள்ளச் செயலியில் இடம் ஒதுக்கப்படவில்லை. ஒரு மாடு இருந்தால் ஓடும். இரண்டு மாடு இருந்தால் நிற்கும். எங்கள் பக்கத்தில் ஒற்றை மாடு வைத்திருக்கிற வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மேலாளர் குமரகுருவிடம் போய்ச் சொன்னேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. யாரையும் அதட்டிப் பேச மாட்டார்.

“அந்த வரியப் படிச்சீங்களாம்மா?”

“வெட்டும்போது கண்ணுல பட்டுதுங்க சார்.”

“கண்ணுல படறதுக்கு உங்களுக்கு அனுமதி இருக்குதுங்களா?”

“இல்லீங்க சார்.”

“அப்ப படலைன்னு வெச்சுக்குங்க. அது இயந்திரத்தோட அந்தரங்கம். நாளைக்கு வெளிய போச்சுன்னா இயந்திரத்துக்கு யாரும்மா பதில் சொல்றது?”

அடுத்த நாளிலிருந்து பதின்மூன்றாவது வரி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினேன்.

இப்படி எட்டு மாதம் போனது. திங்கட்கிழமைக் கூட்டம் நன்றாகவே நடந்தது. தம்மம்பட்டியிலிருந்து ஒருத்தர், செயலி நின்றபோது அண்ணனோடு வரப்புச் சண்டையில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். தப்பு அண்ணன் பேரிலா தம்பி பேரிலா என்று நாற்பது நிமிடம் விவாதித்து, அண்ணன் பேரில் என்று தீர்மானம் போட்டார்கள். இளம்பிள்ளையில் ஒரு அம்மா மருமகளைப் பற்றிச் சொன்னதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார்கள். செயலி எதனால் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அது ரகசியம் என்பதால் கேட்பது மரியாதையில்லை.

அப்புறம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பயனரின் சம்மதம் இல்லாமல் இனி எந்தப் பதிவையும் படிக்கக் கூடாது.

“எட்டு மாசமாப் படிச்சதுக்கு என்னங்க சார் பண்றது?” என்றேன்.

“முன்தேதி போட்டு வாங்கிக்கலாம்” என்றார் குமரகுரு.

சம்மதப் பெருவிழா என்று பந்தல் போட்டார்கள். வாசலில் வாழைமரம். குமரகுரு பேசியதை நான்தான் குறிப்பெடுத்தேன், அதனால் வார்த்தை மாறாமல் இருக்கிறது.

“சம்மதம்ங்கறது ஒரு உணர்வு. நம்ம மக்கள்கிட்ட அது இயற்கையாவே இருக்குது. போயி, ‘உங்களுக்குச் சம்மதமா’ன்னு ஒருத்தரக் கேட்டோம்னா, அவரு யோசிக்க ஆரம்பிச்சிருவாரு. யோசிச்சாருன்னா அந்த உணர்வு கெட்டுப்போகும். அதனால யாரும் கேட்டுக் கெடுக்காதீங்க. வாங்கிட்டு வாங்க. ஆளுக்கு இருநூறு சம்மதம்.”

படிவம் நாற்பத்தியொரு பக்கம். அதை எழுதியவரே படித்திருக்க மாட்டார் என்று பேசிக்கொண்டோம். கடைசியில் பச்சையாக, உள்ளங்கை அகலத்துக்கு ‘சம்மதம்’ என்று பொத்தான். அதற்குக் கீழே பொடியாக ‘பிறகு பார்க்கலாம்’. அதை அமுக்கினால் முதல் பக்கத்துக்குப் போகும். முதலில் ‘சம்மதம் இல்லை’ என்றும் ஒன்று இருந்ததாம். சோதனை பார்த்த அன்றைக்கு அதை அமுக்கியவுடன் செயலி நின்றுவிட்டது. நிற்றலுக்குக் காரணம் அந்தப் பொத்தான்தான் என்று கண்டுபிடித்து, அதை நீக்கினார்கள். செயலியில் இதுவரை நடந்த ஒரே திருத்தம் அதுதான்.

இருநூறு சம்மதத்துக்கு நான் வேறெங்கும் போகவில்லை. எங்கள் ஊர்த் தண்ணித்தொட்டி முக்கில் போய் நின்றேன். சுற்றுப்பட்டுத் தெருக்காரர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எங்கள் ஊரில் போனில் எது வந்தாலும் படித்த பிள்ளையிடம் நீட்டுவதுதான் வழக்கம். கேஸ் சிலிண்டர் பதிவோ ரேஷன் கார்டோ பிள்ளைக்கு ரிசல்ட் பார்ப்பதோ, “நீயே அமுக்கிக் குடு சாமி.” ரகசிய எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிட்டு, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. இருந்தது என்பதை ஒளிப்பானேன்.

ஒவ்வொரு போனிலும் என் பணியாளர் எண்ணைப் போட்டால்தான் சம்மதப் பக்கம் திறக்கும். எண்ணைப் போட்டேன், கீழே தள்ளினேன், அமுக்கினேன். இரண்டு சாயங்காலம். இருநூறு வீட்டுச் சம்மதமும் என் கட்டை விரல்தான்.

சௌந்திரம் அக்காவும் வந்திருந்தார். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. முப்பத்தாறு வயசு, இரண்டு மாடு. வீட்டுக்காரர் சிவக்குமார் அண்ணன் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரைவர். சத்தீஸ்கர், ஒடிசா என்று போனால் ஆறு மாதத்துக்கு ஒருதரம்தான் ஊர் திரும்புவார். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஒரு ரகசியம் இருந்தது. அக்கா தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதப் போகிறார். ஒன்பதாவதில் நிறுத்திக் கட்டிக்கொடுத்தவர். என் பழைய புத்தகங்களைத் தவிட்டு மூட்டைக்குப் பின்னால் வைத்து, மாட்டுக் கொட்டகையில் படித்தார். விண்ணப்பம் நான்தான் போட்டேன். மார்ச்சில் பரீட்சை.

“எதுக்குக்கா ஒளிச்சு வெக்கறீங்க?” என்று ஒருதரம் கேட்டேன்.

“பாஸாயிட்டுச் சொல்லிக்கலாம் கண்ணு. மொதல்லயே சொன்னா ஊரே பல்லக் காட்டும்.”

அன்றைக்குத் தொட்டி முக்கில் அக்கா போனை உடனே நீட்டவில்லை.

“என்ன போட்டிருக்குது அதுல?”

“ஒண்ணுமில்லக்கா. செயலி நின்னுபோனா எதனாலன்னு பாக்கறதுக்கு.”

“அதுக்கெதுக்கு நாப்பத்தொரு பக்கம்?”

“அது சும்மாக்கா.”

“நான் வேணா ஊட்டுக்குக் கொண்டுபோயிப் படிச்சுப் பாத்துட்டுக் காலைல கொண்டாரட்டா? இப்பத்தான் எழுத்துக் கூட்டாமப் படிக்கறனே.”

எனக்கு அன்றைக்கு நூற்றுத்தொண்ணூறு ஆகியிருந்தது. இன்னும் பத்து.

“உங்களுக்கெதுக்குக்கா அந்த வேலையெல்லாம்” என்று சிரித்துக்கொண்டே போனை வாங்கி அமுக்கினேன்.

ஜனவரியில் இரண்டாவது மாட்டுக்கு மடி வீங்கியது. அக்கா செயலியில் பதியப் போனார். செயலி நின்றது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டது. அக்கா பதில் சொன்னார். திங்கட்கிழமை காலை அது என் மேசைக்கு வந்தது. பதின்மூன்றாவது வரிக்கு அப்புறம் கண்ணை மூடி வெட்டிவிட்டுக் கீழ்பாகத்தைப் படித்தேன்.

“மாட்டுக்குத் தவிடு வெச்சுப்போட்டு கணக்குப் போட்டுட்டிருந்தனுங்க. பத்தாங்கிளாசுக் கணக்கு. ஊட்டுல ஆருக்கும் தெரியாதுங்க. எங்கூட்டுக்காரரு பத்தாவது பாஸுன்னு ஊரே நெனச்சுட்டிருக்குது. அவருக்குக் கணக்குல போயிருச்சுங்க. மார்க்கு சீட்ட டிரங்குப் பொட்டியில நாந்தான் பாத்தேன். பாத்தேன்னு அவருக்கே தெரியாது. அவரு பெயிலான பரிச்சையில நாம் பாஸானா அவருக்கு ஒரு மாதிரி இருக்குமில்லீங்க, அதான் சொல்லாம இருக்கறேன். நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன். படிச்சுப்போட்டு ஆருக்கும் காட்டாமக் கிழிச்சுப்போடுங்க சாமி. முப்பது செகண்டு ஆச்சுங்களா? இன்னும் ஆகலையா? ரெண்டாவது மாட்டுக்கு மடி கல்லாட்டம் இருக்குது, ஆரையாச்சும் அனுப்பி வுடுங்க.”

மார்க் சீட் விஷயம் எனக்கே தெரியாது.

கூட்டத்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அந்தத் தாளை அடுக்குக்கு அடியில் செருகியிருக்கலாம். கிழித்திருக்கலாம், கிழிக்கத்தான் சொல்லியிருந்தார். ஆனால் அந்த வாரம்தான் நிரந்தரம் செய்யப்படுகிறவர்கள் பட்டியல் வருவதாக இருந்தது. முந்தின திங்கட்கிழமை குமரகுரு எல்லோர் முன்னாலும், “தனப்பிரியா, உங்க வாசிப்புல உயிர் இல்லைம்மா” என்று சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லாமல் வாசித்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நன்றாக வாசித்தேன். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அக்காவின் குரலை, அந்த இழுவையை, “ஆச்சுங்களா? இன்னும் ஆகலையா?” என்பதை அப்படியே செய்து காட்டினேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். ஒருத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்ததும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

“எந்த ஊரும்மா?” என்றார் குமரகுரு. பெயரும் ஊரும் தாளிலேயே இருந்தன. கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“பாத்தீங்களா? நம்ம செயலி ஒழுங்கா ஓடியிருந்தா இந்தம்மா படிக்கறது யாருக்காவது தெரிஞ்சிருக்குமா? செயலி நிக்குது நிக்குதுன்னு பேசறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். அது நிக்கறப்பத்தான் மக்கள் நம்ம பக்கத்துல வர்றாங்க.” அப்புறம் மேசையைத் தட்டினார். “பிளெக்ஸ் வைக்கணும். அவங்க ஊர்லயே, பால் சொசைட்டி முன்னால.”

நான் கையைத் தூக்கினேன். “சார், கிழிச்சுப் போடச் சொல்லியிருக்காங்க.”

“பணிவும்மா அது. நம்ம பொம்பளைங்களோட பணிவு. அந்த வரியப் பெரிய எழுத்துல போடுங்க.”

“வீட்டுக்காரர் விஷயத்தையாவது எடுத்துரலாங்களே சார்.”

“பயனர் சொன்னதுல ஒரு எழுத்த மாத்தினாலும் மோசடி. சம்மதம் வாங்கியிருக்கோம்ல?”

வாங்கியிருக்கோம் என்றேன்.

பன்னிரண்டடிக்கு எட்டடி. அக்காவின் படம் இல்லாததால் செயலியில் மாட்டைப் பதியும்போது எடுத்த படத்தைப் போட்டார்கள். மாட்டின் முகம் முழுசாக, அதன் காதில் கூட்டமைப்பு மாட்டிய எண் தோட்டுக்குப் பின்னால் அக்காவின் பாதி முகம். மேலே ‘சம்மதம் தந்தோம், சாதனை கண்டோம்’. கீழே பதிவு முழுவதும். “கணக்குல போயிருச்சுங்க” என்பது மஞ்சளில் தனியாகத் தெரிந்தது. அதை வடிவமைத்த இளஞ்செழியன் நிறப் பொருத்தத்துக்காக அப்படிச் செய்ததாகச் சொன்னார்.

பால் ஊற்ற வந்தவர்கள் போனில் படம் பிடித்தார்கள். ரிக் வண்டிக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சத்தீஸ்கர் போக அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அன்றைக்கு மத்தியானமே வண்டியிலிருந்த ஆட்கள் சிவக்குமார் அண்ணனிடம், “வாத்தியாரே, எத்தன அடி ஓட்டியிருக்குதுன்னு கணக்குப் போட்டுச் சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறார்கள்.

அக்காதான் சொன்னார். நான் கேட்கவில்லை, கேட்க முகம் இல்லை. தண்ணி பிடிக்கும் இடத்தில் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“போன் பண்ணுனாரு. வைவாருன்னு இருந்தேன். வையல. ‘பொட்டிய எப்பப் பாத்தே’ன்னு ஒரு வார்த்த கேட்டாரு. ‘கண்ணாலமாயி ரெண்டாம் வருசம்’னேன். அவ்வளவுதான், வெச்சுப்போட்டாரு. பொறவு எடுக்கறதில்ல.”

“நான் வாசிக்காம இருந்திருக்கலாங்கக்கா.”

“நீயா வாசிச்சே?” என்றார் அக்கா. அவருக்கு அதுவரை தெரியாது.

குடம் நிரம்பி வழிந்தது. அவர் பைப்பை மூடவில்லை, நான்தான் மூடினேன்.

அந்த வாரப் பட்டியலில் என் பெயர் இருந்தது. முதுநிலை வாசிப்பாளர்.

பிளெக்ஸை எடுக்கச் சொல்லிக் குமரகுருவிடம் போனேன்.

“தாராளமா எடுத்துரலாம். பயனர் சம்மதத்தத் திரும்பப் பெறணும்.”

“பெறச் சொல்றேங்க சார். எழுதிக் குடுத்தாப் போதுங்களா?”

“காகிதத்துல குடுத்தா அவங்கதான் குடுத்தாங்கன்னு எப்படி நம்பறது? செயலியிலதான் பெறணும். பாதுகாப்பு முக்கியமில்லைங்களா?”

செயலியில் சம்மதத்தைத் திரும்பப் பெறும் பக்கம் இருக்கத்தான் செய்தது. ஆள் அடையாளத்தை உறுதிசெய்வதற்காக வீட்டிலுள்ள எல்லா மாடுகளையும் அதில் பதிய வேண்டும். அக்கா முதல் மாட்டைப் பதிந்தார். இரண்டாவது மாட்டைப் பதிந்தார். செயலி நின்றது. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டது.

பதினொரு தடவை. பதினொன்றும் என் மேசைக்கு வந்தன. “சம்மதம் வேண்டாம்னு சொல்லிட்டிருந்தனுங்க.” “அதேதானுங்க, சம்மதம் வேண்டாம்னு.” “உங்களுக்குக் கேக்குதுங்களா?” முப்பது விநாடியை நிரப்ப அக்காவிடம் வார்த்தை இல்லை. ஒன்பதாவது பதிவில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லியிருந்தார், பதினாறாம் வாய்ப்பாடு.

இளஞ்செழியனிடம் ஓடினேன். “எத்தன நேரங்க ஆகும் இதச் சரிபண்ண?”

“எதனாலன்னு தெரிஞ்சா பத்து நிமிசங்க.”

“எதனாலன்னு நான் சொல்றேன். பதினாலாவது வரி...”

அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “சொல்லாதீங்க, சொல்லாதீங்க. எனக்கு இன்னும் அனுமதி வரலீங்க. தெரிஞ்சுட்டா நாந்தான் மாட்டுவேன்.” பொத்தின கையோடு அழைப்பிதழைக் கண்ணால் காட்டினார். அதில், மிக அதிகமான நிற்றல் பதிவுகளை வழங்கிய பயனருக்குப் பாராட்டு விழா என்று இருந்தது. திருமதி சௌந்திரம் சிவக்குமார். சால்வை, கேடயம். தேதியைப் பார்த்தேன். கணக்குப் பரீட்சை அன்றைக்கு, அதே பத்து மணி.

பங்குனியில் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பி. எத்தனை தூரத்தில் இருந்தாலும் ரிக் வண்டிக்காரர்கள் அதற்கு வந்துவிடுவார்கள். சிவக்குமார் அண்ணன் வரவில்லை. இரண்டாவது மாட்டுக்கு ஒரு காம்பு வற்றிப்போனது. கூட்டமைப்பிலிருந்து மருத்துவர் வரவில்லை, அவருக்குப் பதிவு போகவில்லை.

தமிழ்ப் பரீட்சையையும் ஆங்கிலத்தையும் அக்கா எழுதவில்லை. கணக்கை மட்டுமாவது எழுத வைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. அது நடந்துவிட்டால் நான் செய்தது பாதி குறைந்துவிடும் என்று ஒரு கணக்கு எனக்கும் இருந்தது. பரீட்சை அன்று காலை லீவு சொல்லிவிட்டு, ஹால் டிக்கெட்டை அச்செடுத்துக்கொண்டு, ஸ்கூட்டியை அக்கா வீட்டு வாசலில் நிறுத்தினேன். மணி எட்டு. திருச்செங்கோடு முக்கால் மணி நேரம்.

அக்கா கொட்டகையில் தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். குளித்து, நல்ல சீலை கட்டியிருந்தார். எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. மடியில் புத்தகம் இல்லை, போன் இருந்தது.

“ஏறுங்கக்கா, போயிரலாம்.”

“இரு கண்ணு. ரெண்டு பக்கந்தான் பாக்கி.”

“என்னக்கா படிக்கறீங்க?”

“நீ அமுக்குனியே, அது.”

நாற்பத்தியொரு பக்கம். ஒரு வாரமாகப் படிக்கிறாராம், பால் கறந்த நேரம் போக. கூட்டமைப்பில் அதை முழுசாகப் படித்தவர் ஒருத்தரும் இல்லை. நானும் இல்லை.

“பன்னண்டாம் பக்கத்துலயே போட்டிருக்குது கண்ணு, ‘பொது இடங்களில் காட்சிப்படுத்தலாம்’னு. முப்பத்தி மூணுல, ‘பயனர் கேட்டுக்கொண்டாலும் அழிக்க இயலாது’ன்னு. அன்னைக்கே நான் ஊட்டுக்குக் கொண்டுபோயிருந்தா படிச்சிருப்பேன். மெதுவா ஆயிருக்கும், ஆனாப் படிச்சிருப்பேன்.”

“நேரமாகுதுங்கக்கா. வந்து பேசிக்கலாம்.”

“அவரு போன எடுக்கற வரைக்கும் பரிச்சை எழுதறாப்புலயும் இல்ல, உங்காபீசு சால்வைக்குப் போறாப்புலயும் இல்ல கண்ணு. எழுதி அதும் பாஸாயித் தொலைஞ்சுதுன்னா, அவரு எந்த மொகத்த வெச்சுட்டு இந்தத் தெருவுக்குள்ள வருவாரு?” குரலில் கோபம் இல்லை. “இந்தா, கடைசிப் பக்கம். சரியாப் படிக்கறனான்னு பாரு.”

விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“மேற்கண்ட... நாற்பத்தியொரு பக்கங்களும்... பயனருக்கு அவருடைய தாய்மொழியில்... பொறுமையாகப் படித்துக் காட்டப்பட்டன. அவருடைய ஐயங்கள் அனைத்தும் தீர்க்கப்பட்டன. படித்துக் காட்டிய... பணியாளர்...”

அங்கே நிறுத்தினார். அதற்கு மேல் இருந்தது அவருக்குத் தெரிந்த பெயர்தான். தெரியாத சொல்லைப் படிப்பதுபோல எழுத்தெழுத்தாகப் படித்தார்.

“த, ன, ப், பி, ரி, யா.”

மாடு காதை ஆட்டி ஈயை விரட்டியது. அதன் காதில் கூட்டமைப்பின் தோடு.

“என்னைக்குக் கண்ணு படிச்சுக் காட்டுனே?” என்றார் அக்கா. குத்திக் கேட்கவில்லை. தேதி ஏதாவது தனக்கு மறந்துவிட்டதோ என்பதுபோலக் கேட்டார்.

நான் ஹால் டிக்கெட்டை மடித்தேன். பிரித்து மறுபடி மடித்தேன். அக்கா கடைசித் தடவையாக முயன்று பார்க்கலாம் என்று திரும்பப் பெறும் பக்கத்துக்குப் போனார். முதல் மாடு. இரண்டாவது மாடு. செயலி நின்றது. கட்டம் வந்தது.

அக்கா போனை என் பக்கம் நீட்டினார். எங்கள் ஊர் வழக்கம்தான், படித்த பிள்ளையிடம் நீட்டுவது.

“எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. இந்தத் தடவ நீ சொல்லு. என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேக்குது.”

வாங்கினேன். சிவப்பு மைக் எரிந்தது. திங்கட்கிழமை இது என் மேசைக்கே வரும், நானே வெட்டி, நானே நின்று வாசிக்க வேண்டும்.

“நான் படிச்சுக் காட்டலீங்க” என்றேன்.

‘நன்றி. இன்னும் இருபத்தேழு விநாடிகள் பேசவும்’ என்றது செயலி.